நீக்கப்பட்ட பின்னூட்டம்

எழுந்தேன். பல் தேய்த்தேன். சமையலறைக் குழாயைத் திறந்து, இரவெல்லாம் குழாய்க்குள் நின்ற தண்ணீரை ஓட விட்டேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு வந்து சேரும் பழக்கம் இது. தண்ணீர் கையில் சில்லென்று பட்டதும் கெட்டிலை நிரப்பினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர், கை, முதுகு. என் மனைவியின் கைபேசியைச் சார்ஜரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அத்தை எழுந்து வந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அட்டையை விரல் நுனியால் தொட்டார். பிறகுதான் கதவைத் திறந்து பாலை எடுத்தார். இதுவும் தினமும் நடப்பது.

"மாப்ள, டீல சர்க்கரை போட்டீங்களா?"

"போட்டேன் அத்தை."

"நேத்தும் அப்படித்தான் சொன்னீங்க."

குடித்துப் பார்த்தேன். போடவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்துவந்தாள். படிக்கிற கண்ணாடி வாங்க வருபவர்களிடம் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். முதல் வரி பெரிய எழுத்தில் இருக்கும். போகப் போகச் சிறுக்கும். கடைசி வரி எறும்பு வரிசை. எதுவரை படிக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் பவர் முடிவு செய்வார்கள்.

கடை சின்னது. முன்னால் இருப்பவர் படிப்பது, காத்திருப்பவர் காதில் விழும். தன் முறை வந்ததும் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார். கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிடத் தப்பான கண்ணாடி போட்டுக்கொள்வது பலருக்குச் சுலபம். அதனால் அவளே புதுப்புது அட்டைகள் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் ஐந்தாறு வரிக் கதை. பழசான அட்டைகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஒரு வலைப்பூவில் சேர்த்து வைத்தாள். பெயர் 'பொடி எழுத்து'. அங்கேயும் அதே முறைதான். மேலே பெரிய எழுத்து, கடைசி வரி பொடி. எழுபது எண்பது பேர் படித்தார்கள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் கடையிலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

ஆம்புலன்ஸில் அவளோடு போனது அவள் தங்கை, என் மச்சினி. வீட்டில் எல்லோருக்கும் வாலு. வளர்ந்து, விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து, பற்பசைக்கு வாசகம் எழுதுகிற வயது வந்தும் அந்தப் பெயர் போகவில்லை. ஆம்புலன்ஸில் அக்கா ஒரு நிமிடம் கண் திறந்ததாகவும், ஒரே ஒரு வரி சொன்னதாகவும் வாலு எங்களிடம் சொன்னாள். அந்த வரிதான் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

'நான் கண்ணை மூடினாலும் நீங்க பார்த்துக்கிட்டே இருங்க.'

நான் அதைச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்படத் தெம்பு வேண்டும்.

*

வலைப்பூவை வளர்க்கும் பொறுப்பை வாலு எடுத்துக்கொண்டாள். முதல் காரியமாகப் பொடி எழுத்தைப் பெரிதாக்கினாள்.

"கைபேசில யாரு மாமா கண்ணை இடுக்கிக்கிட்டு படிப்பா?"

ஒவ்வொரு அட்டையின் கடைசி வரியையும் தனியாக வெட்டி, பின்னால் சூரிய உதயம் வைத்து, வாட்ஸ்அப் குழுக்களில் விட்டாள். அடுத்தவர் வலைப்பூக்களுக்குப் போய் 'அருமையான பதிவு, நம்ம பக்கமும் ஒரு எட்டு வாங்க' என்று எழுதிவிட்டு வந்தாள். தேடுபவர் கண்ணில் படும்படி தலைப்புகளை மாற்றினாள். 'நாயும் சைக்கிளும்' என்ற அட்டை 'உங்கள் வாழ்க்கையை மாற்றப்போகும் ஆறு வரிகள்' ஆனது. அந்த நாய் யாருடைய வாழ்க்கையையும் மாற்றவில்லை. அது சைக்கிளைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

இத்தனை செய்தும் எண்ணிக்கை நொண்டியது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று வாலுவே சலித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள், அக்காவின் கடைசி வரியை அதே அட்டை வடிவத்தில் எழுதிப் போட்டாள்.

மறுநாள் காலையில் பக்கத்தின் மூலையில் இருக்கும் வருகை எண் ஐந்து இலக்கத்துக்குப் போயிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் அழுதார்கள். ஒருவர் அந்த வரியைத் தன் கையில் பச்சை குத்திப் படம் அனுப்பினார்.

இன்று மாலை வானொலியில் நேரலை. நான் போய், அந்த வரியை என் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு 'பொடி எழுத்து' எங்கேயோ போய்விடும் என்று வாலு சொல்லியிருந்தாள்.

டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது மேசைமேல் அவளுடைய கைபேசி அதிர்ந்தது.

வலைப்பூவின் கடிதங்கள் அந்தக் கைபேசிக்குத்தான் வரும். அதனால்தான் தினமும் சார்ஜ் போடுகிறேன். வேறு காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன். எடுத்துப் பார்த்தேன். 'புதிய பின்னூட்டம்' என்று ஒரு மின்னஞ்சல்.

'இந்தப் பதிவில் உள்ளது சரியல்ல. அவங்க விழுந்த பிறகு பேசவே இல்லை. கடைசியாகப் பேசியது என்னிடம். இதை அல்ல.'

அவ்வளவுதான் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'வாசகி'.

வலைப்பூவைத் திறந்து பார்த்தேன். அழுகைகள் இருந்தன, இதயங்கள் இருந்தன. இந்தப் பின்னூட்டம் இல்லை. கதவு மணி அடிப்பதற்குள் இரண்டு முறை புதுப்பித்துப் பார்த்துவிட்டேன்.

*

வாலு கையில் ஒரு சட்டையோடு உள்ளே வந்தாள்.

"மாமா, இந்த நீலத்தைப் போடுங்க. நீங்க இஸ்திரி போட்டு வச்சிருக்கிறது துக்க வீட்டுச் சட்டை மாதிரி இருக்கு."

"ரேடியோல சட்டை தெரியுமா?"

"ஃபோட்டோ எடுப்பாங்க. அதைத்தான் நாளைக்கு எல்லாரும் பகிர்வாங்க. ரேடியோ யாரு கேக்குறா?"

"நான் கேக்குறேன்டி," என்றார் அத்தை.

"நீ கேப்பம்மா. உன்னைத் தவிர."

அவள் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். அத்தை அடுப்புப் பக்கம் நின்றார். நான் குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

"பின்னூட்டம் எல்லாம் எப்படிப் போகுது?"

"கொட்டுது மாமா. பதில் போட்டு மாளல."

"எதையாவது நீக்கினியா?"

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு ரொட்டியின் ஓரம்வரை போனது.

"குப்பை வரும். கூட்டித் தள்ளுவேன்."

"என்ன குப்பை?" அத்தை திரும்பினார்.

"முடி வளர்ற தைலம்மா. எழவு வீடு, கல்யாண வீடுன்னு பாக்க மாட்டானுங்க. எங்க நாலு பேர் கூடினாலும் வந்து தைலம் விப்பானுங்க."

"எனக்கு ஒரு பாட்டில் சொல்லேன்," என்றார் அத்தை.

வாலு சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டிய இடம். அவள் என் கைக்குப் பக்கத்தில் இருந்த கைபேசியைப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வலைப்பூவிலிருந்து நீக்கினாலும், வந்து சேர்ந்த மின்னஞ்சல் அப்படியேதான் இருக்கும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெண்ணெய் தடவிய ரொட்டியைச் சாப்பிடாமல் தட்டிலேயே வைத்தாள்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டு வச்சிருக்கேன். கீழ் வீட்டுல, எதிர் வீட்டுல எல்லாம் சொல்லிட்டேன். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அத்தை."

"அந்த வார்த்தையை நீங்க ஒரு தடவகூட வாய்விட்டுச் சொன்னதில்ல. எத்தனையோ பேர் சொல்றாங்க. எனக்கு உங்க வாயால கேக்கணும். கேட்டுட்டா, அவ சொன்னதை நானே கேட்ட மாதிரி இருக்கும்."

"அம்மா, மாமாவுக்கு நேரமாச்சு," என்றாள் வாலு.

அத்தை எழுந்து, ஃப்ரிட்ஜில் பாலை வைத்தார். கதவை மூடும்போது அந்த அட்டையை மறுபடி தொட்டார்.

*

பின்னூட்டம் எழுதுபவர் மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டும். அது வலைப்பூக்காரருக்கு மட்டும் தெரியும். பேருந்தில் நின்றபடி அவளுடைய கைபேசியிலிருந்தே எழுதினேன். 'நான் அவளுடைய கணவன். உங்களைப் பார்க்க வேண்டும். இன்றே.'

பரிசோதனைக் கூடத்தில் காலை மாதிரிகள் வந்திருந்தன. கிணறு, ஏரி, ஏதோ ஒரு குடியிருப்பின் மேல்தொட்டி. ஒவ்வொரு பாட்டிலிலும் எடுத்த இடம், எடுத்த நேரம், எடுத்தவர் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றில் எடுத்தவர் பெயர் இல்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பெயர் இல்லாமல் சோதிக்க மாட்டோம். திருப்பி அனுப்பினேன்.

கைபேசி அதிர்ந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் முகவரி. 'மதிய இடைவேளையில் வாருங்கள். பின்வாசல் வழியாக.'

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "பேட்டி தானே, போங்க போங்க," என்றார் மேலாளர். அவர் மனைவியும் அந்த வரியைக் கைபேசியின் முகப்பில் வைத்திருக்கிறாராம்.

வகுப்பறை காலியாக இருந்தது. கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு. பின்னூட்டம் எழுதிய டீச்சர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கண்ணாடி கழுத்தில் சங்கிலியில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு கழற்றிவிட்டார்.

"உக்காருங்க தம்பி. பெஞ்ச் சின்னது, பாத்து."

உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது.

"நான் எழுதினதை எடுத்துட்டாங்க, பாத்தேன். நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். உங்க மெயில் வந்ததும் இனி மறைக்க முடியாதுன்னு வரச் சொல்லிட்டேன்."

"அன்னைக்கு நீங்க கடையில இருந்தீங்களா?"

"பரிசோதனை நாற்காலில நான்தான் இருந்தேன்."

அவர் மேசைமேல் இருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து உருட்டினார்.

"எனக்குக் கண்ணாடி போடப் பிடிக்கல தம்பி. போட்டா கிழவின்னு முத்திரை விழுந்துடும்னு பயம். வீட்டுக்காரர் தொல்லை தாங்காமத்தான் போனேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் அட்டையைச் சத்தமா படிச்சாரு. ஒரு பூனைக் கதை. மழை பெய்யுது, பூனை ஒரு குடைக்குள்ள ஒண்டிக்கிட்டு நிக்குது, பஸ் வருது. கடைசி வரி 'பூனை ஏறவில்லை.' அதை மனசுல வச்சுக்கிட்டேன்."

"உங்க முறை வந்ததும் ஒப்பிச்சீங்க."

"மேல இருக்கிற வரியெல்லாம் நிஜமாவே தெரிஞ்சுது. கடைசிக்கு வந்ததும் மசமசன்னு ஆயிடுச்சு. தயங்காம 'பூனை ஏறவில்லை'ன்னு சொன்னேன். கம்பீரமா." அவர் வாய் லேசாகக் கோணியது. "உங்க மனைவி சிரிச்சாங்க."

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கதையிலும் அவள் இரண்டு அட்டை வைத்திருப்பாள். மேல் வரிகள் இரண்டிலும் ஒன்றே. கடைசி வரி மட்டும் வேறு. ஒப்பிப்பார் என்று யார்மேல் சந்தேகம் வருகிறதோ, அவருக்கு மேசைக்குக் கீழே இருந்து இரண்டாவது அட்டை வரும்.

"உங்க கையில இருந்ததுல 'குடை மட்டும் ஏறியது'ன்னு இருந்திருக்கும்," என்றேன்.

"ஆமா. அவங்கதான் படிச்சுக் காட்டினாங்க. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. இத்தனை வருஷமா காப்பி அடிக்கிற பசங்களைப் பிடிச்சு வெளியில நிக்க வச்சவ நான். அவங்க கேலி பண்ணல. சிரிச்சாங்க, ஆனா கேலியா இல்ல. அட்டையைத் திரும்ப என் கையில கொடுத்தாங்க. கொடுத்துட்டு ஒண்ணு சொன்னாங்க. சொல்லிட்டு லென்ஸ் மாத்தத் திரும்பினாங்க. அப்படியே சரிஞ்சாங்க."

வெளியே பிள்ளைகள் கத்தினார்கள். யாரோ ஒருவன் ஜெயித்திருந்தான்.

"தலையை நான்தான் தாங்கினேன். ஒரு வார்த்தை வரல தம்பி. கண்ணைத் திறக்கல. பக்கத்து ஆபீஸ்லேர்ந்து உங்க மச்சினி ஓடி வந்தப்பவும் அப்படித்தான். ஆம்புலன்ஸ்ல வந்த டாக்டர் பையன் கதவை மூடுறதுக்கு முன்னாடியே தலையை ஆட்டிட்டான்."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்க மனைவி கடைசியா பேசினது, நான் பண்ணின ஏமாத்து வேலையைப் பத்தின்னா? வெக்கம்." சாக்பீஸ் அவர் விரலில் பொடிந்திருந்தது. "நேத்து ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் ரேடியோ, ரேடியோன்னாங்க. அந்த வரியை வச்சு ஒரு டீச்சர் பிள்ளைங்களைக் கட்டுரை எழுதச் சொல்லிட்டாங்க. தப்பான விடைன்னு தெரிஞ்சும் முழு மார்க் போட்டுட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு."

"அவ என்ன சொன்னா?"

சொன்னார்.

நான் மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார்.

ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் வரியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் அவள் குரலில் அது கேட்டதில்லை. இது கேட்டது. குரல், அதற்கு முன்னால் வந்த சிரிப்பு, சொல்லி முடித்ததும் அவள் மூக்கை உறிஞ்சுகிற பழக்கம்கூட. அந்தச் சின்ன பெஞ்சில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எந்தக் குழாய் என்று கேட்கவில்லை. குடித்தேன்.

"என் பேரு, பள்ளிக்கூடம் பேரு மட்டும் வேணாம் தம்பி," என்றார் வாசல்வரை வந்து.

"சொல்ல மாட்டேன்."

"அப்ப ரேடியோல சொல்லத்தான் போறீங்களா?"

பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.

பள்ளி மதிலோரம் நின்று வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.

"அத்தை, ரேடியோ இன்னைக்கு வைக்க வேண்டாம்."

"ஏன் மாப்ள?"

"சரியா கேக்காது."

"பேட்டரி புதுசுன்னு சொன்னேனே. எதிர் வீட்டம்மா நாற்காலியே எடுத்துட்டு வந்துட்டாங்க."

கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"பயமா இருக்கா? தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க," என்று வைத்துவிட்டார்.

*

வானொலி நிலையத்தின் நடைபாதையில் கம்பளம் விரித்திருந்தார்கள். காலடி ஓசை எழவில்லை. வாலு எனக்கு முன்பே வந்திருந்தாள். என் சட்டையைப் பார்த்தாள். நான் நீலம் போடவில்லை.

"போய்ப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"யாரு?"

"நாற்காலில உக்காந்திருந்தவங்க."

அவள் சுவரில் சாய்ந்தாள். பற்பசை, பவுடர், எதையும் விற்கும் வாய். அதிலிருந்து ஒரே வரிதான் வந்தது.

"அக்கா கண்ணே திறக்கல மாமா."

"தெரியும்."

"அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து என் தோளைப் பிடிச்சு உலுக்கினாங்க. 'என்ன சொன்னா, என்ன சொன்னா'ன்னு. ஒண்ணும் சொல்லலம்மான்னு சொல்லிப் பாத்தேன். விடல. மறுபடி மறுபடி கேட்டாங்க. வாய்ல வந்ததைச் சொன்னேன். சொன்னதும் பிடியை விட்டுட்டாங்க. அன்னைக்கு அது போதும்னு இருந்துச்சு."

"அப்புறம் அதை வலைப்பூவுல போட்டே."

"போட்டேன்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அக்கா உயிரோட இருந்தப்ப ஒரே ஒரு தடவ, அவ எழுதினதை எங்க ஆபீஸ் குரூப்ல போடச் சொன்னா. யாரு அக்கா இதெல்லாம் படிப்பான்னு கேட்டேன். அவ சிரிச்சிட்டுப் போயிட்டா. இன்னைக்கு நாடே படிக்குது மாமா. 'நாயும் சைக்கிளும்' கதையைக்கூடப் படிக்கிறாங்க. அந்த ஒரு வரியைப் பாத்துட்டு வந்தவங்கதான் மத்ததையும் படிக்கிறாங்க. அது பொய்னு தெரிஞ்சா எல்லாத்தையும் பொய்ம்பாங்க."

"அந்த வரி அவ பேசுற மாதிரியே இல்ல."

"தெரியும். நான் பேசுற மாதிரி இருக்கு. பற்பசை மாதிரி இருக்கு." குரல் உடையவில்லை, வேகமானது. "என்னை விடுங்க. என்னை ஊரே காறித் துப்பட்டும், துடைச்சுக்கிறேன். அம்மா அந்த அட்டையைத் தொட்டுட்டுத்தான் பாலையே எடுக்குறாங்க. அதை உரிச்சிட்டு அங்க எதை ஒட்டப் போறீங்க?"

என்னிடம் ஒட்டுவதற்கு ஒன்று இருந்தது. ஆனால் அது அத்தைக்குச் சொன்னது இல்லை. எனக்குச் சொன்னதும் இல்லை. கண்ணாடி வாங்க வந்த, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னது.

"சொன்னா அம்மா உடைஞ்சு போவாங்க," என்றாள் வாலு. "சொல்லாம விட்டா யாருக்கு மாமா நஷ்டம்? அக்காவா வந்து கேக்கப்போறா?"

கதவு திறந்தது. தலையில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு பெண் புன்னகைத்தாள்.

"வாங்க சார். ரெடியா?"

உள்ளே சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. மேசை நடுவில் மைக். எதிரே தடித்த கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் வாலுவும். அவர்கள் வாய் அசைவது தெரியும். பேசுவது கேட்காது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

தொகுப்பாளினி தேன் குரலில் ஆரம்பித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை, அட்டைகள், பொடி எழுத்து. எல்லாம் வாலு எழுதிக் கொடுத்தது. நடுவில் ஒரு புல்லாங்குழல். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க மனைவி எழுத்தை இன்னைக்கு எத்தனையோ பேர் படிக்கிறாங்க. நீங்க எப்படி உணர்றீங்க?"

"அவ எழுதினப்ப எழுபது பேர் படிச்சாங்க. அவங்க கண்ணை இடுக்கிக்கிட்டு கடைசி வரி வரைக்கும் படிச்சாங்க. அவளுக்கு அவங்களைப் பிடிக்கும்."

அவள் குறிப்பில் இந்தப் பதில் இல்லை. ஒரு நொடி தடுமாறி, மேலே போனாள்.

"அந்தக் கடைசி வரிக்கே வருவோம் சார். நம்ம நேயர்கள் எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க கடைசியா சொன்னதை உங்க குரல்ல கேக்கணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாலு சட்டென்று எழுந்தாள். கைபேசியைக் காதில் வைத்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. 'அம்மா' என்று ஒரு முறை. பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது. என்னைப் பார்த்தாள். தடுப்பின் பக்கம் வந்து உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். நிறுத்துங்கள் என்கிறாளா, சொல்லுங்கள் என்கிறாளா, கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அத்தை அந்த நேரத்தில் என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியாது.

மைக் காத்திருந்தது. தொகுப்பாளினியின் புருவம் உயர்ந்தது.

"நான் அப்ப பக்கத்துல இல்ல," என்றேன். "பக்கத்துல இருந்தவங்களை இன்னைக்கு மதியம் பாத்தேன். நீங்க எல்லாரும் படிச்ச அந்த வரியை அவ சொல்லல. அதைச் சொன்னவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஒரு அம்மா கேட்டாங்க, அதனால வந்த வரி அது."

புருவம் இறங்கவில்லை. வாலுவின் கை கண்ணாடியிலேயே இருந்தது.

"கண்ணாடி வாங்க வந்த ஒருத்தர், அட்டையோட கடைசி வரி தெரியாம, யாரோ சொன்னதைக் கேட்டு ஒப்பிச்சிட்டாங்க. என் மனைவி சிரிச்சா. அட்டையைத் திரும்ப அவங்க கையில கொடுத்தா. கொடுத்துட்டு இப்படிச் சொன்னா."

மூச்சு வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னது இதுதான்.

"தெரியுற வரைக்கும் படிங்க, போதும். மீதியை நீங்களா சேத்துக்காதீங்க."